வெறும் வண்டியின் எடை

குலையோடு ஒருமுறை ஏறும் லோரி,
வெறுமையாக ஒருமுறை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் செம்பனை.
பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு.

அன்று கொர்னேலிஸ் இறக்கிவிட்டுத் திரும்பியவன்
எடைமேடையிலேயே எஞ்சினை அணைத்தான்.
பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன.
சன்னல் வழியாகப் போனை நீட்டினான்.

கறுப்பாக ஒன்று
தென்னைகளுக்கு நடுவே
நடந்து வந்துகொண்டிருந்தது.
ஓடவில்லை.
தீபாவளிக்கு முந்தின நாள் கடைத்தெருவில் போகிறவர்போல
நின்று, பார்த்து, பக்கவாட்டில் ஒதுங்கி,
மறுபடி வந்தது.
விரிசல் விட்ட இடத்தில் மட்டும் உள்ளே சிவப்பு.
தொட்டவுடன் தென்னை எரியவில்லை;
கொஞ்சம் யோசித்துவிட்டு எரிந்தது.

தீவின் பெயரை இரண்டு தடவை சொன்னான்.
இரண்டு தடவையும் தப்பாகத்தான் எழுதிக்கொண்டேன்,
எடைச்சீட்டின் பின்பக்கம்.

மறுநாள் தமிழ்ப் பேப்பரில்,
ஆறாம் பக்கம், உள்ளங்கை அளவு படம்.
என்ன போட்டிருக்கிறது, காக்?
எரிமலைக் குழம்பு என்று போட்டிருந்தது.
வாசித்துவிட்டேன், யோசிக்காமல்.
எட்டு வருடமாகப் பக்கிரிசாமி கடையில் சாப்பிடுகிறவனுக்குத்
தெரிந்த ஐந்தாறு தமிழ்ச்சொற்களில் அது ஒன்று.
‘குழம்பு? மீனா, கோழியா?’
சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.
பிறகு நிறுத்தினோம்,
ஒரே நேரத்தில் இல்லை.

அந்த வீடு அவன் கட்டியது. பார்த்ததில்லை.
இங்கே மூன்று மாதம் குலை ஏற்றினால்
அங்கே ஒரு தூண் எழும்பும்.
கிறிஸ்மஸுக்குக் கூரைத் தகரம்.
போன மாதம் கதவு.
அனுப்பிய ரசீதை என்னிடம்தான் காட்டினான்.
ஒரு கதவுக்கு எண்ணூறு ரிங்கிட்டா என்றேன்.
நல்ல மரம், காக். நீலம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் லயத்தையும் ஒன்று வந்து மூடியது.
அதில் சூடு இல்லை.
மூன்று மாத நோட்டீஸ் இருந்தது, கீழே கையெழுத்தும்.
இப்போது அந்த இடத்தின் பெயர்
தாமான் என்று தொடங்குகிறது.
இதை அவனிடம் சொல்லவில்லை.
இதையும் அதையும் ஒரே மேடையில் ஏற்றினால்
எடை பொய் சொல்லும்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வந்தான்.
சுடா சம்பாய் டாபூர்.
அடுப்படிவரை வந்துவிட்டதாம்.

அதே நேரம் ஆலைப் புகைபோக்கி கக்கியது.
என் மேசை, சோற்றுப்பெட்டி மூடி,
ரெங்கம் ஸ்டேஷன் பக்கத்துத் துணிக்கொடிகள் எல்லாம்
தினமும் படிகிற அதே சாம்பல்.
அன்று துடைக்கக் கை வரவில்லை
என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
துடைத்தேன். சீட்டில் கறை படக்கூடாது.

திங்கட்கிழமை இன்னொரு வீடியோ.
அவன் மனைவி கதவைக் கழற்றிவிட்டாள்.
கீலோடு, தாழ்ப்பாளோடு.
மோட்டார் சைக்கிளில் குறுக்கே வைத்து,
பையன் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள,
பன்னிரண்டு கிலோமீட்டர்.
முகாம் இருக்கிற பள்ளிக்கூடத்தில்
நான்கு செங்கல் மேல் படுக்கவைத்திருக்கிறார்கள்.
அதில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை தூங்குகிறது.
நீலம் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு கதவு எத்தனை கிலோ இருக்கும், காக்?

என் மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும்.
முப்பது, இல்லை நாற்பது என்றேன்.
உதடு அசைய எதிலிருந்தோ எதையோ கழித்தான்.
சாவியைத் திருப்பினான்.

லோரி இறங்கிப் போன பிறகும்
சிவப்பு எண்கள் உடனே அடங்கவில்லை.
கொஞ்சம் ஆடி,
நாற்பதில் நின்று,
அப்புறம்தான் பூஜ்யத்துக்கு வந்தன.